பதினான்காம் கூண்டின் நாலாம் எலி

3 அக்டோபர் 1985

ஆய்வகக் குறிப்பேட்டில் எலியின் எடையை எழுதலாம், அறையின் வெப்பநிலையை எழுதலாம். ஆளைத் திட்டி எழுத முடியாது. அதற்காகத்தான் புதுமண்டபத்தில் இந்த நோட்டை வாங்கினேன்.

இன்று காலை பதினோராம் கூண்டில் கடைசியாக மிஞ்சியிருந்த இரண்டு எலிகளும் செத்துக் கிடந்தன. தண்ணீர்ப் புட்டியின் குழாய் அடைத்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. ஆறு வாரம் ஊசி போட்டு வளர்த்தவை. எலிக்கூண்டுகள் இருக்கும் அனிமல் ஹவுஸைப் பார்த்துக்கொள்ளும் சீனிச்சாமி அண்ணனிடம் இரண்டு வார்த்தை கேட்டேன். சும்மா இரண்டே வார்த்தை.

“ரெண்டு வார்த்தையா? கேன்டீன் வரைக்கும் கேட்டுச்சுடி” என்கிறாள் மெஹருன்னிசா. எனக்குப் பக்கத்து மேசை. அவளுக்கும் என்னைப் போல எலிப் புற்றுநோயில்தான் ஆராய்ச்சி. “இன்னொரு எலி செத்தா நிரந்தரப் பட்டியல்ல உங்க பேரு வராதுன்னு வேற சொல்லிட்ட. பாவம், அந்த மனுஷன் பதினோரு வருஷமா தினக்கூலி.”

அப்படியா சொன்னேன்? கோபத்தில் வந்திருக்கும். எனக்குக் கோபம் வராமல் என்ன வரும்? ஆராய்ச்சிக்கு எனக்குக் கொடுத்த நான்கு வருடம் வருகிற மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிறது. அதற்குள் ஏதாவது கிடைத்தால் ஆய்வேடு. கிடைக்காவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு சங்கரன்கோவில் பஸ்ஸில் ஏற வேண்டியதுதான்.

9 அக்டோபர்

மறுபடியும் முதலிலிருந்து. பதினான்காம் கூண்டு. ஆறு பெண் எலிகள், ஒன்று முதல் ஆறு வரை காதில் துளையும் வெட்டுமாக எண் போட்டாயிற்று.

எதற்கு இந்தப் பாடு என்று என் தம்பி கேட்டான். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். ஒரு வைரஸ் எலிக்குள் புகுந்து இரத்தப் புற்றுநோயை உண்டாக்குகிறது. அப்படிக் கெட்டுப்போன செல்லின் மேற்புறத்தில் வைரஸ் தன் அடையாளம் எதையாவது ஒட்டிவிட்டுப் போயிருக்கிறதா? அந்த அடையாளத்துக்குப் பெயர் ஆன்டிஜென். அது இருந்தால், உடம்பு அதை வேற்றாளாகப் பார்த்து இரத்தத்தில் ஆன்டிபாடியை உண்டாக்கும். அந்த ஆன்டிபாடியைப் பிடித்தால் அடையாளத்தையும் பிடித்த மாதிரி.

எங்கள் பால்பி வம்சத்து எலிகள் தலைமுறை தலைமுறையாக உடன்பிறந்ததோடேயே இணைசேர்த்து வளர்த்தவை. அத்தனையும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுதான். ஒன்றின் செல்லை இன்னொன்றுக்கு ஊசி போட்டால் அது அந்நியம் என்று அதற்குத் தெரியாது. அதையும் மீறி ஆன்டிபாடி வந்தால், அது புற்றுநோய் அடையாளத்துக்கு எதிராகத்தான் வந்திருக்க வேண்டும். என் மொத்தப் பிழைப்பும் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

வாரா வாரம் ஊசி போடும் முன் புற்றுச் செல்களுக்குக் கதிர் காட்ட வேண்டும். அப்போதுதான் அவை பெருகாது, அடையாளம் மட்டும் அப்படியே இருக்கும். பனிக்கட்டி டப்பாவில் வைத்துப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில் கொண்டுபோனேன். நோயாளிகள் முடிந்தபிறகு ஒன்றேகால் மணிக்கு அங்கே எனக்குப் பத்து நிமிடம் கொடுக்கிறார்கள். வெளியே பெஞ்சில் ஒரு பெண் தன் குழந்தைக்குத் தயிர்ச்சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். குழந்தையின் தலையில் ஒரு முடி இல்லை.

“உங்க வீட்ல யாருக்கும்மா?” என்று கேட்டாள்.

எலிக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. “ஆறு பேருக்கு” என்று உளறிவிட்டேன்.

“ஆத்தீ, ஆறு பேருக்கா!” என்று அவள் பதறிப்போய்த் தன் டப்பாவிலிருந்து ஒரு பிடிச் சோற்றை என் கையில் வைத்தாள். வெட்கமாக இருந்தது, ஆனாலும் சாப்பிட்டேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அவள் நன்றாக இருக்க வேண்டும்.

17 அக்டோபர்

அம்மாவின் கடிதம். “எலி மேய்க்கிறதுக்கா உன்னை எம்.எஸ்ஸி. படிக்கவச்சோம்?” பதில் போடவில்லை.

30 அக்டோபர்

ஒளிரும் மருந்து வந்துவிட்டது! ஏழு மாதம் காத்திருந்தேன். எலியின் ஆன்டிபாடி செல்லில் எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கே போய் இதுவும் ஒட்டிக்கொள்ளும். இருட்டறை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் அந்த இடம் பச்சையாக ஒளிரும். புட்டி என் சுண்டுவிரல் உயரம்தான். இது தீர்ந்தால் அடுத்ததற்கு இன்னும் ஏழு மாதம். அதற்குள் என் மார்ச் முடிந்து போயிருக்கும். ஆகவே ஒரு சொட்டைக்கூட வீணாக்கக் கூடாது என்று பூதம் புதையலைக் காக்கிற மாதிரி காக்கிறேன். மெஹர் கொஞ்சம் கேட்டாள். கொடுக்கவில்லை.

14 நவம்பர்

தீபாவளிக்கு ஐந்து நாள் ஊருக்குப் போய் வந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே அனிமல் ஹவுஸ். ஆறும் உயிரோடு இருக்கின்றன! நாலாம் நம்பர் கொழுகொழுவென்று தேறியிருக்கிறது.

“என்னண்ணே, இதுக்கு மட்டும் தனியா அதிரசம் போட்டீங்களா?” என்று கேட்டேன்.

சீனிச்சாமி அண்ணன் சிரிக்கவில்லை. கூண்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் கொண்டுவந்த முறுக்கையும் “பெறகு வாங்கிக்கிறேன் மேடம்” என்றார். என்மேல் கோபம் இன்னும் தீரவில்லை போல. இருக்கட்டும். எலி சாகவில்லை அல்லவா? நாலு திட்டுத் திட்டினால்தான் வேலை நடக்கிறது.

3 டிசம்பர்

நாலாம் நம்பர்! என் தங்கமே, நாலாம் நம்பர்!

நேற்று ஆறு எலிகளிடமிருந்தும் இரத்தம் எடுத்து, ஆன்டிபாடி இருக்கும் தெளிந்த நீரான சீரத்தைத் தனித்தனியாகப் பிரித்தேன். இன்று காலை புற்றுச் செல்களோடு ஒவ்வொன்றையும் கலந்து, கழுவி, ஒளிரும் மருந்து ஊற்றிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு எல்லாம் சோம்பேறிகள். இருக்கிறதா இல்லையா என்று கண்ணைக் கசக்கிப் பார்க்க வேண்டிய மங்கல். நாலாம் நம்பர் சீரத்தை வைத்தேன். ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் முழுசாக ஒரு பச்சை வளையம். ஊசி போடாத எலியின் சீரத்தையும் வைத்துப் பார்த்தேன், வெறும் இருட்டு. இருட்டறையில் தனியாக நின்று சத்தம்போட்டுச் சிரித்தேன்.

5 டிசம்பர்

டாக்டர் தேவசகாயம் சாரிடம் காட்டினேன். நான்கு வருடத்தில் முதல் முறையாக அவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து பார்த்தார். என் வழிகாட்டி அதிகம் பேசுகிற ஆள் இல்லை. “நல்லாருக்கு” என்றார். பிறகு, “நார்மல் செல்லுல பாத்தாச்சா?” என்று கேட்டார்.

நோயில்லாத பால்பி எலியின் தைமஸ் சுரப்பியிலிருந்து செல் எடுத்து, அதிலும் இதே சீரத்தை வைத்துப் பார்ப்பது. அது இருட்டாக இருக்க வேண்டும். இருக்கும். பால்பி எலி பால்பி செல்லை எப்படிப் பகைக்கும்? அதற்காக மருந்தைக் கொட்ட வேண்டுமா? புட்டியில் பாதிக்குமேல் போய்விட்டது. “பாத்துடறேன் சார்” என்றேன். பொய் இல்லை, பார்க்கத்தான் போகிறேன். பிப்ரவரி மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்ப நாளை கடைசி நாள். அதை முதலில் தபாலில் சேர்க்கிறேன்.

9 டிசம்பர்

எல்லோருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தேன். மெஹர் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் மருந்தும் கேட்டாள். (கொடுக்கவில்லை.) சீனிச்சாமி அண்ணனுக்கு இரண்டு துண்டு வைத்து, “உங்க எலிதாண்ணே ஜெயிச்சது. உங்க கைராசி” என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவர் பொட்டலத்தை வாங்கி, எலித் தீவன மூட்டையின்மேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். சாயந்திரம் பார்த்தேன், பொட்டலம் அங்கேயே இருந்தது. எறும்பு மொய்த்திருந்தது.

எனக்கும் ரோஷம் உண்டு. இனி அவருக்கு ஒன்றும் வாங்கித் தரப்போவதில்லை.

20 டிசம்பர்

நார்மல் செல் பார்க்கவில்லை. மைக்ராஸ்கோப் விளக்கு மக்கர் செய்கிறது. அடுத்த வாரம்.

27 டிசம்பர்

விளக்கு சரியாகிவிட்டது. அடுத்த வாரம்.

3 ஜனவரி 1986

காலையில் எலிகளை எடை போட்டுக்கொண்டிருந்தபோது சீனிச்சாமி அண்ணன் வந்து கதவோரமாக நின்றார். கையில் தலைத்துண்டு.

“மேடம், அந்த நாலாம் நம்பரு... அது உங்க எலி இல்லைங்க.”

எனக்குப் புரியவில்லை.

“தீபாவளிக்கு மறுநாளு வந்து பாத்தேன். செத்துக் கெடந்துச்சு. மத்ததுக கடிச்சு வேற வச்சிருந்துச்சுக. அன்னைக்கு நீங்க பட்டியல் பத்திச் சொன்னது காதுலயே நின்னுச்சு. பக்கத்து ராக்குல சுவிஸ் எலி இருந்துச்சு. அதுவும் வெள்ளைதான? ஒண்ணை எடுத்து, காதுல நாலாம் நம்பருக்கு உள்ள வெட்டைப் போட்டு உள்ள விட்டுட்டேன்.”

சுவிஸ் எலி வேறு வம்சம். பால்பியின் எந்தச் செல்லைக் காட்டினாலும் அதற்கு அந்நியம்தான். புற்றுநோயாவது அடையாளமாவது. முன்பின் தெரியாத ஒருவன் வீட்டுக்குள் வந்தால் கத்துகிற மாதிரி அது கத்தியிருக்கிறது. அதைத்தான் நான் பால்கோவா வாங்கிக் கொண்டாடியிருக்கிறேன்.

“இப்ப எதுக்குச் சொல்றீங்க?” என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

“நீங்க இனிப்புக் குடுத்து, உங்க எலிதான் ஜெயிச்சுச்சுன்னு சொன்னீங்கள்ல. அதுலருந்து சோறு எறங்க மாட்டேங்குது. ஆசுபத்திரியில கெடக்குறவுகளுக்கு ஆகுற காரியம், அதுல போயி பொய்யைக் கலந்துட்டமேன்னு இருக்கு. பட்டியல்ல பேரு வந்தா வருது, வராட்டிப் போகுது.”

நான் பதிலுக்கு என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதமாட்டேன். கேன்டீன் வரைக்கும் கேட்டிருக்கும்.

4 ஜனவரி

நார்மல் செல்லில் பார்த்தேன். தளதளவென்று நோயே இல்லாத குட்டி பால்பி எலி, அதன் தைமஸ் செல். நாலாம் நம்பர் சீரம். அதே முழுப் பச்சை வளையம். மூன்று தடவை பார்த்தேன். மருந்து போனால் போகிறது.

எல்லாம் சேர்ந்து நாற்பது நிமிட வேலை. டிசம்பர் ஐந்தாம் தேதி மத்தியானமே முடித்திருக்கலாம்.

5 ஜனவரி

ஞாயிறு. துணி துவைத்தேன். மாநாட்டுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. சீனிச்சாமி அண்ணனையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. நான் கேட்டுக்கொண்டால் அவர் யாரிடமும் சொல்ல மாட்டார். இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை.

அந்தத் தயிர்ச்சோற்றுப் பெண்ணின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

6 ஜனவரி

பத்து மணிக்கு சார் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

“சார், என் ரிசல்ட் தப்பு. கூண்டுல ஒரு எலி மாறிப்போச்சு. யார் மாத்தினாங்கன்னு கேக்காதீங்க. நார்மல் செல் டெஸ்ட்டை நான் செய்யல. செஞ்சிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். மருந்து தீந்துடும்னு பயந்துட்டேன்.” கடைசி வரி கொஞ்சம் அழுகையாக வந்தது.

சார் கண்ணாடியைக் கழற்றினார். “சீனிச்சாமி காலைல எட்டு மணிக்கே வந்து சொல்லிட்டாரு. மேடம் மேல தப்பே இல்லங்க, எல்லாம் நாந்தான்னாரு. நீ வந்து எல்லாம் நாந்தான்ங்கற. டிசம்பர்ல கேள்வி கேட்டுட்டு அப்படியே விட்டது நான். இப்ப இதுல யாரை யார் திட்டுறது, சொல்லு?”

மாநாட்டுக்கு அனுப்பிய சுருக்கத்தைத் திரும்பப் பெறுவதாகத் தந்தி கொடுக்கச் சொன்னார். கொடுத்துவிட்டு வந்தேன். வரும் வழியில் வயிறு பசித்தது. இரண்டு நாள் கழித்து முதல் பசி.

பிறகு அனிமல் ஹவுஸுக்குப் போனேன். அவர் மரத்தூளை அள்ளிக் கூண்டில் பரப்பிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அக்டோபர்லயும் பேசியிருக்கக் கூடாது. நான் அப்படி மிரட்டலைன்னா நீங்க செத்த எலியை எங்கிட்ட காட்டியிருப்பீங்க.”

“அட, விடுங்க மேடம். நீங்க வையலைன்னா உடம்பு சரியில்லையோன்னுதான் நெனப்போம்” என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. என் தப்பு எனக்கு இன்னும் ஒன்றரை மாதம் கழித்து, மாநாட்டு மேடையில், ஊர் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டியது. இந்த மனிதர் தன் வேலையைப் பணயம் வைத்து எலிக்கூண்டுப் பக்கத்திலேயே சொல்லிவிட்டார். இதற்கு நான் எப்படி நன்றி சொல்வேன்?

7 ஜனவரி

ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதி அனிமல் ஹவுஸ் கதவில் ஒட்டினேன். “எலி இறந்தால் உடனே சொல்லவும். யாரும் திட்டமாட்டார்கள். கோமதி.” மெஹர் அதன் கீழே பென்சிலால் “நம்பலாமா?” என்று எழுதிவிட்டாள்.

9 ஜனவரி

நாலாம் நம்பர் பொய் என்றால், மற்ற ஐந்தும் என்ன? நான் சோம்பேறிகள் என்று சொன்னவை. அவைதானே உண்மையான பால்பிகள்! குளிர்ப்பெட்டியிலிருந்து அவற்றின் பழைய சீரத்தை எடுத்து, கண் இருட்டுக்குப் பழகும்வரை அரைமணி நேரம் இருட்டறையில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் பார்த்தேன். மங்கல்தான். ஆனால் இருக்கிறதோ? இருக்கிற மாதிரியும் இருக்கிறது, என் ஆசை மாதிரியும் இருக்கிறது.

ஐந்துக்கும் இன்னும் எட்டு வாரம் ஊசி. ஆன்டிபாடி கூடினால் தெரிந்துவிடும். கூடாவிட்டால் அதுவும் தெரிந்துவிடும். மருந்து புட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஒரே ஒரு சோதனைக்குத் தாங்கும்.

12 பிப்ரவரி

ஐந்தாம் நம்பர் செத்துவிட்டது. சீனிச்சாமி அண்ணன் ஏழே முக்காலுக்கு என் விடுதி வாசலுக்கே சைக்கிளில் வந்து சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு, “சொன்னதுக்கு ரொம்ப நன்றிண்ணே” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்து இரண்டடி தள்ளித்தான் நின்றார்.

24 பிப்ரவரி

நிரந்தரப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். ஒன்பதாவது பெயர், மு. சீனிச்சாமி! சார் நடந்ததை அலுவலகத்துக்கு எழுதிப்போட்டிருக்கிறார், மறைக்கவில்லை. கூடவே, பதினோரு வருடத்தில் தன் தவற்றைத் தானே வந்து சொன்ன ஒரே ஊழியர் என்றும் எழுதியிருக்கிறார். நான் படியிறங்கி ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கையிலிருந்த தண்ணீர்ப் புட்டியை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

10 மார்ச்

இன்று பார்த்தேன். என் கையை நம்பாமல் சொட்டுகளை மெஹரை விடச் சொன்னேன். அவளுக்கு ஒரு துளி கொடுக்காத புட்டி, அதன் கடைசித் துளியை அவள் கைதான் சிந்தாமல் காப்பாற்றியது. நான் ஒரு கஞ்சப்பிசினாறி. அவளுக்கு என் நன்றி.

நான்கு எலிகளின் சீரம். என் புற்றுச் செல்களின் விளிம்பில் மெல்லிய பச்சை. நாலாம் நம்பர் மாதிரி ஜெகஜ்ஜோதி இல்லை, ஆனால் நான்கிலும் இருக்கிறது. அதே வைரஸால் வேறொரு எலிக்கு வந்த புற்றுச் செல்லிலும் அதே பச்சை. மெஹரின் எலிகளுக்கு ரசாயனம் தடவி வரவழைத்த புற்றுநோய், அதில் இருட்டு. அப்படியென்றால் இது அந்த வைரஸ் ஒட்டிவிட்டுப் போன அடையாளமேதான். நார்மல் செல்லை மெஹர் பார்த்தாள், சார் பார்த்தார். என்னை அவர்கள் கடைசியாகத்தான் விட்டார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டுதான் குனிந்தேன்.

சார் “நல்லாருக்கு” என்றார். ஆறு மாத நீட்டிப்புக்கு இன்றே எழுதுகிறாராம். கிடைக்கும் என்றார்.

11 மார்ச்

சீனிச்சாமி அண்ணனை இருட்டறைக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். பதினோரு வருடம் எலி வளர்த்திருக்கிறார், ஒரு தடவைகூட யாரும் அவரை உள்ளே கூப்பிட்டதில்லை. நானும்தான். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார்.

முதலில் புற்றுச் செல்லை வைத்தேன். அவர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“பச்சையா, நூல் மாதிரி தெரியுது மேடம். இம்புட்டுத்தானா?”

“இம்புட்டுத்தாண்ணே.”

“அம்புட்டுப் பாடும் இம்புட்டுக்குத்தானா!”

“ஆமாண்ணே. இப்ப இதைப் பாருங்க” என்று கண்ணாடித் தகட்டை மாற்றினேன். நோயில்லாத எலியின் நார்மல் செல். அவர் குனிந்தார். திருகினார். மறுபடியும் குனிந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். பாவம், மறுபடி ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார் போல, குரல் இறங்கிவிட்டது.

“மேடம், இதுல ஒண்ணுமே தெரியலையே. ஒரே இருட்டா இருக்கு.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இருட்டறையாகப் போனது நல்லதாயிற்று, என் முகம் அவருக்குத் தெரியவில்லை.

“அதைத்தாண்ணே உங்களுக்குக் காட்டணும்னு கூட்டிட்டு வந்தேன்” என்றேன்.